நிறுத்திய பைக்கை யாரோ தள்ளிவிட்டால்: ஓட்டிப் போவதா, தங்கிச் சரிசெய்வதா, ஏற்றி அனுப்புவதா?

பயணத்தின் மூன்றாம் நாள் காலை. விடுதி வாசலில் இரவு நிறுத்தியிருந்த பைக் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பக்கத்து மண்ணில் ஒரு கார் பின்னால் வந்து திரும்பிய டயர்த் தடம் மட்டும் இருந்தது. இடித்தவர் போய்விட்டார். வலது கண்ணாடி நொறுங்கியிருந்தது, இண்டிகேட்டர் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கி நிறுத்தினேன். இரண்டாவது முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. அப்பாடா என்று பைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி முதல் இறக்கம் வந்தது. முன் பிரேக்கைப் பிடித்தேன். லிவர் பாதி தூரம் வந்து கைப்பிடியில் முட்டி நின்றுவிட்டது. விழுந்தபோது அதன் நுனி உள்பக்கமாக வளைந்திருக்கிறது. மெதுவாகப் பிடிக்கும்போது தெரியவில்லை. சுமையோடு, இறக்கத்தில், முழு பிரேக் வேண்டும் என்கிறபோதுதான் தெரிந்தது. பின் பிரேக்காலும் கியரைக் குறைத்தும் ஓரமாக நிறுத்திவிட்டேன். கை நடுக்கம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்று நான் கேட்டுக்கொண்ட கேள்வி ‘வண்டி ஓடுமா?’ என்பது. அதுதான் தவறு. விழுந்த வண்டி பெரும்பாலும் ஓடும். நிற்குமா, நேராகப் போகுமா, ஆயிலைத் தன்னுள் வைத்துக்கொள்ளுமா என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான், போவதா தங்குவதா என்ற பேச்சே வரவேண்டும். அப்புறம் இதே போல இன்னும் இரண்டு முறை நடந்தது. நண்பர்களின் வண்டிகளுக்கும் நடந்திருக்கிறது. அந்த அனுபவத்தில் எந்த நிலைமைக்கு எந்த வழி நல்லது என்று எழுதுகிறேன்.

முதலில் தூக்குவதா, படம் எடுப்பதா?

பெட்ரோல் ஒழுகினால் யோசிக்கவே வேண்டாம், சாவியை அணைத்துவிட்டுத் தூக்குங்கள். யாரும் பக்கத்தில் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒழுகவில்லை என்றால் ஒரு நிமிடம் பொறுத்து, கிடக்கிற கோலத்திலேயே படம் எடுப்பது நல்லது. வண்டி, தரையில் உள்ள தடம், பக்கத்தில் நிற்கும் வாகனங்களின் எண், சுற்றுப்புறம் எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் வரவேண்டும். தூக்கி நிறுத்திய பிறகு எடுக்கும் படத்தில் கீறல் மட்டும்தான் தெரியும், நடந்தது தெரியாது.

தனியாகத் தூக்குவதா, ஆள் கூப்பிடுவதா? நான் எப்போதும் ஆள் கூப்பிடுகிற பக்கம். ஹீரோ ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டி 112 கிலோ. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ. அதன் மேல் பயணச் சுமை வேறு. ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் முதுகு பிடித்துக்கொண்டால் வண்டி சரியாக இருந்தும் பயணம் முடிந்தது. யாரும் இல்லை என்றால் பைகளை முதலில் கழற்றுங்கள். முன்சக்கரம் தரையைப் பார்க்கும்படி ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள். ஒரு கை கீழே இருக்கும் கைப்பிடியில், இன்னொரு கை பின்பக்கக் கம்பியிலோ வண்டியின் ஃபிரேமிலோ. முதுகை நேராக வைத்து, காலால் உந்திச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கி, முடிந்தால் கியரில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நிமிர்ந்த வண்டி அந்தப் பக்கம் போய் விழும்.

நிமிர்த்தியதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நெடுநேரம் படுத்துக் கிடந்த வண்டியில் ஆயிலோ பெட்ரோலோ சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். காற்று அமுங்கும், திரவம் அமுங்காது. பிஸ்டன் அதில் முட்டினால் அதோடு இணைந்த கனெக்டிங் ராடு வளையலாம். பத்து பதினைந்து நிமிடம் நேராக நிற்கட்டும். அதற்குள் ஆயில் அளவைப் பார்த்துவிடலாம். பிறகு ஸ்டார்ட்டர் பட்டனை ஒரு தட்டு மட்டும் தட்டுங்கள். ‘டக்’ என்று முட்டி நின்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே இருப்பது வெளியேறும்வரை சுற்றவிட வேண்டும். எதுவுமே நடக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பல ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் உண்டு. சாவியை அணைத்து மறுபடி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்டார்ட் ஆன பின் சில நிமிடம் புகை வந்தால், ஏர் ஃபில்டர் பக்கம் போன ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அது தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

அப்படியே ஓட்டிப் போவது

நேரமும் பணமும் மிச்சம் ஆகிற வழி இதுதான். அதனாலேயே எல்லோரும் முதலில் இதற்குத் தாவுகிறோம். நானும் தாவினேன். இது சரியான முடிவாக இருக்கிற நேரமும் உண்டு. கண்ணாடி, இண்டிகேட்டர், சைலன்சர் கீறல், டேங்க் பள்ளம், கைப்பிடி முனையில் தேய்மானம் இவ்வளவுதான் என்றால் டேப் சுற்றிக்கொண்டு கிளம்பலாம். பகலில் மட்டும் ஓட்டுங்கள், கைச் சைகை காட்டுங்கள். ஹெட்லைட் வானத்தைப் பார்க்காமல் இருக்கிறதா என்று ஒரு சுவரின் முன் நிறுத்திப் பாருங்கள்.

ஆனால் அதற்கு முன் கால் மணி நேரம் செலவழிக்க வேண்டும். இரண்டு பிரேக்கையும் முழு பலத்தோடு, கடைசிவரை பிடித்துப் பாருங்கள். லிவர் எங்கும் முட்டக்கூடாது, பஞ்சு போல அமுங்கக்கூடாது. பிரேக் ஆயில் டப்பாவின் ஓரம் ஈரமாக இருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். டேங்கில் இடிக்கிறதா, கேபிள் இழுபடுகிறதா, ஆக்சிலரேட்டர் விட்டதும் தானாகத் திரும்புகிறதா? பிறகு முன்னால் போய்க் குந்தி, முன்சக்கரமும் ஹேண்டில்பாரும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கடைசியில், வண்டிக்கடியில் ஒரு காகிதத்தை விரித்து, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். காகிதம் காய்ந்தே இருந்தால் நல்லது.

கையில் இருப்பதைக் கொண்டு சரிசெய்வது

அதிகம் பேசவேண்டிய இடம் இதுதான். இங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் பதில் வேறு.

கிளட்ச் லிவர் உடைந்தால் சமாளிக்கலாம். பல லிவர்களில் நுனிக்குச் சற்று முன்னால் ஒரு வெட்டு இருக்கும்; விழுந்தால் அங்கே உடையவேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள். மிச்சம் இருக்கும் துண்டை இரண்டு விரலால் இழுத்து ஓட்டலாம். கேபிள் கிளட்ச் என்றால், அடியோடு உடைந்தாலும் அந்தத் துண்டில் பிடித்தபடியே பூட்டிக்கொள்ளும் ஒரு வைஸ் கிரிப் பிளேயரை இறுக்கிக் கட்டி அடுத்த ஊர்வரை போய்விட முடியும். லேசாக வளைந்த லிவரை நிமிர்த்தாமல் அப்படியே விட்டுவிடுவதே என் பழக்கம். அலுமினிய வார்ப்பு, வளைந்ததை மறுபடி வளைத்தால் அந்த இடத்தில் மெல்லிய வெடிப்பு ஓடும், பிறகு எதிர்பாராத நேரத்தில் கையோடு வரும்.

முன் பிரேக் லிவருக்கு இந்தச் சலுகையைக் கொடுக்க மாட்டேன். உடைந்த துண்டு நீளமாக, முட்டாமல், முழு பலத்தையும் தாங்கினால் அடுத்த மெக்கானிக்வரை மெதுவாகப் போகலாம். அதற்கு மேல் வேண்டாம். பிளேயர், கம்பி, பசை எதுவும் பிரேக்குக்கு ஆகாது.

கியர் லிவர் உள்பக்கம் வளைந்து இன்ஜின் கவரில் முட்டுவது இடப்பக்கம் விழுகிற வண்டிகளில் அடிக்கடி நடக்கும். அங்கேயே வைத்து இழுத்து நிமிர்த்தத்தான் கை போகும். செய்யாதீர்கள். லிவர் எளிதில் மாற்றக்கூடிய பொருள். அது மாட்டியிருக்கும் கியர் ஷாஃப்ட் வளைந்துவிட்டால் இன்ஜினையே திறக்க வேண்டிவரும். லிவர் இருந்த கோணத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு போல்ட்டைத் தளர்த்திக் கழற்றி, தனியாக வைத்து நிமிர்த்தி, மறுபடி மாட்டுங்கள். ஒரு நண்பர் கழற்றாமல் சுத்தியலால் தட்டினார். லிவர் நிமிர்ந்தது, ஆனால் ஷாஃப்ட் வளைந்து சீல் வழியாக ஆயில் கசிய ஆரம்பித்தது. அரை மணி நேர வேலை நான்கு நாள் வேலையாகிவிட்டது.

இன்ஜின் கவரில் வெடிப்பு விழுந்து ஆயில் கசிந்தால், உலோகத்துக்கான, இரண்டு டியூபைக் கலந்து பூசும் எபாக்சி பசை உண்மையிலேயே கைகொடுக்கும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். எதிர்ப்பக்கமாக வண்டியைச் சாய்த்துக் கட்டி, கசிவை அந்த இடத்திலிருந்து விலக்குங்கள். பெட்ரோல் நனைத்த துணியால் பலமுறை துடைத்து, நன்றாக உலரவிட்டு, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பிறகு பூசுங்கள். ஜேபி வெல்ட் போன்ற பழைய வகை எபாக்சி முழுதாக இறுக ஒரு நாள் எடுக்கும். சீக்கிரம் இறுகும் வகைகள் உண்டு, பலம் குறைவு. ஈரத்தின் மேல் பூசினால் எந்தப் பசையும் நிற்காது. கசிவு நிற்காத வண்டியைக் ‘கொஞ்ச தூரம்தானே’ என்று ஓட்டாதீர்கள். அந்த ஆயில் பின் டயரில்தான் போய்ச் சேரும்.

முன்சக்கரம் நேராக இருந்தும் ஹேண்டில்பார் கோணலாகத் தெரிந்தால், பெரும்பாலும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அதன் கிளாம்புக்குள் முறுக்கிக்கொண்டிருக்கும். ஆக்சில் போல்ட்டையும் கீழ் கிளாம்பையும் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே பிடித்துத் திருப்பி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி, மீண்டும் இறுக்கினால் சரியாகலாம். இதைச் செய்யத் தெரிந்தவர் செய்ய வேண்டும், சரியான இறுக்கத்தோடு. ஃபோர்க் குழாயே வளைந்திருந்தால் இந்த வைத்தியம் கிடையாது.

ஒரு நாள் தங்கிச் சரியாகச் செய்வது

பயணத்தில் ஒரு நாளை இழப்பது ஒரு தோல்வி போல இருக்கும். அறை முன்பதிவு, விடுமுறைக் கணக்கு, கூட வருகிறவர்கள் என்று ஆயிரம் காரணம் மனத்தில் வரும். ஆனாலும் சந்தேகம் இருக்கிற நேரத்தில் நான் இப்போது தேர்ந்தெடுப்பது இதைத்தான். நல்ல வெளிச்சத்தில், கருவிகளோடு, தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு ஈடு இல்லை. இரண்டாம் முறை என் வண்டி விழுந்தபோது எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மெக்கானிக் ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரை ஆட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இங்கே விரலை வை” என்றார். ஸ்டீயரிங் ஒரு அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கும் சின்ன உலோக முட்டு ஒரு பக்கம் உடைந்துபோயிருந்தது. வலது ஓரத்தில் ஹேண்டில்பார் போகவேண்டியதைவிட அதிகமாகப் போய் பிரேக் குழாயை நசுக்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் தேடியே இருக்க மாட்டேன்.

இந்த வழி எவ்வளவு நாள் இழுக்கும் என்பது வண்டியைப் பொறுத்தது. பரவலாக விற்கும் வண்டிக்கு லிவரும் கேபிளும் அன்றே கிடைக்கும். அரிய மாடல் என்றால் உதிரிபாகத்துக்கு நாட்கணக்கில் காத்திருக்க நேரும். அப்போது வேறு வண்டியின் லிவரைப் பொருத்திப் பார்க்கலாம். துளையின் அளவும் கேபிள் முனை உட்காரும் இடமும் ஒத்துப்போனால் போதும், நீளம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. இதுவும் கிளட்சுக்குத்தான்.

ஏற்றி அனுப்புவது

ஃபோர்க் குழாய் வளைந்தது, ஃபிரேமில் வெடிப்பு, முன் பிரேக் வேலை செய்யவில்லை, ஆயில் நிற்கவில்லை என்றால் மற்ற வழிகளை ஒப்பிட வேண்டியதே இல்லை, ஏற்றி அனுப்புங்கள். இன்சூரன்ஸோடு சாலை உதவி எடுத்திருந்தால், எத்தனை கிலோமீட்டர்வரை, எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டு கூப்பிடுங்கள். பக்கத்து ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோவது வேறு, வீட்டுக்குக் கொண்டுபோவது வேறு. லாரியில் ஏற்றும்போது சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டவிடாதீர்கள். வண்டியை நேராக நிறுத்தி, இரண்டு பக்கமும் பட்டையால் இழுத்து, முன் சஸ்பென்ஷன் ஓரளவு அமுங்கும்படி கட்ட வேண்டும். கட்டியபின் நீங்களே ஒருமுறை பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

இடித்தவர் அங்கேயே இருந்தால்

கையோடு பணம் வாங்கிக்கொள்வதா, இன்சூரன்ஸுக்குப் போவதா, போகட்டும் என்று விடுவதா? மூன்றுமே நியாயமான வழிகள்தான். என் மூன்றாவது அனுபவத்தில் வேன் ஓட்டி வந்தவர் ஓடிப்போகவில்லை. வண்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். “பின்னால் பார்க்கலை அண்ணே, என்ன ஆகுமோ தந்துடறேன்” என்றார். அந்த நேர்மைக்கு முன்னால் கோபமே வரவில்லை. கண்ணாடிக்கும் இண்டிகேட்டருக்கும் கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டு கைகுலுக்கினேன். இரண்டு நாள் கழித்து ஃபுட்ரெஸ்ட் மாட்டியிருக்கும் பிடியில் வெடிப்பு தெரிந்தது. அவர் எண்கூட என்னிடம் இல்லை.

அதனால் கைப்பணம் வாங்கினாலும், வண்டியைச் சோதித்த பிறகு வாங்குங்கள். பெயர், தொலைபேசி எண், வாகன எண், இன்சூரன்ஸ் விவரம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால், ‘இப்போது கண்ணுக்குத் தெரிந்த சேதத்துக்கு மட்டும்’ என்ற வரி அதில் இருக்கட்டும். கண்ணாடி, லிவர் அளவிலான சேதத்துக்கு இது போதும், நிம்மதியும்கூட. இன்ஜின் கவர், ஃபோர்க், ஃபிரேம் என்று போனால் இடித்தவரின் இன்சூரன்ஸ் வழியாகப் போவதே சரி. அதற்காகத்தான் அவர் பிரீமியம் கட்டுகிறார். ஐரோப்பிய நாடுகளில் இதற்கென்றே ஒரே அமைப்பில் அச்சிட்ட விபத்துப் படிவம் பல மொழிகளில் உண்டு. கட்டங்கள் ஒரே வரிசையில் இருப்பதால் மொழி தெரியாத இருவர்கூட நிரப்பிவிடலாம்.

இடித்தவர் போய்விட்டால், மிச்சம் இருப்பது உங்கள் சொந்த இன்சூரன்ஸ். மூன்றாம் நபருக்கு மட்டுமான பாலிசி உங்கள் வண்டிக்கு எதுவும் தராது. முழு பாலிசி இருந்தாலும், முதலில் நீங்கள் ஏற்கவேண்டிய தொகையையும், கிளெய்ம் செய்வதால் அடுத்த ஆண்டு போகக்கூடிய போனஸையும் (கிளெய்ம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) கூட்டிப் பாருங்கள். செலவு அதற்குக் கீழே என்றால் கிளெய்ம் செய்வதில் லாபம் இல்லை. கிளெய்ம் செய்வதாக இருந்தால் பழுதுபார்ப்பதற்கு முன்பே தகவல் கொடுங்கள். பல நிறுவனங்கள் முதலில் சேதத்தைப் பார்க்கக் கேட்கும். கேமரா பதிவு இருக்கிறதா என்று அன்றே விசாரியுங்கள், பழைய பதிவுகள் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். காவல் நிலையத்தில் சொல்வது வீண் வேலை என்று நினைக்கவும் வேண்டாம். ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 142ஆம் பிரிவுப்படி இப்படி இடித்துவிட்டுப் போவது குற்றம். கண்ணாடியில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போனாலும் போதாது. பிரிட்டனில் விவரம் கொடுக்காமல் போனவர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும்.

வாடகை வண்டி என்றால் இந்த ஒப்பீடு எதுவும் உங்கள் கையில் இல்லை. உடனே வாடகைக்காரரைக் கூப்பிடுங்கள். அவர் சொல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். மறைத்துச் சரிசெய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால், அந்த வண்டியை அடுத்து ஓட்டப்போகிறவர் நம்மைப் போன்ற இன்னொரு பயணிதான்.

அடுத்த இரவு நிறுத்தும்போது

கார்கள் பின்னால் எடுக்கும் கோட்டிலிருந்து விலகி நிறுத்துங்கள். சுவரோரம், வெளிச்சத்தில், வரவேற்பறையிலிருந்து தெரிகிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் கியரில் விடுங்கள்; யாராவது லேசாக முன்னால் தள்ளினாலும் சைடு ஸ்டாண்டு மடங்காது. ஹேண்டில்பாரை இடப்பக்கம் பூட்டுங்கள். சரிவு என்றால் முன்சக்கரம் மேட்டைப் பார்க்கட்டும். வெயிலில் தார் இளகும், ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள்.

நான் இப்போது கிளட்ச், பிரேக் இரண்டுக்கும் ஒவ்வொரு லிவரைத் துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். லிவர் மாட்டியிருக்கும் கிளாம்புப் போல்ட்டுகளையும் கொஞ்சம் தளர்த்தி வைத்தாயிற்று: ஓட்டும்போது அசையாது, கையால் ஓங்கித் தள்ளினால் சுற்றிக்கொடுக்கும். வண்டி மறுபடி விழுந்தால் லிவர் உடைவதற்குப் பதில் திரும்பிக்கொள்ளும்.